மாரியும் பனியும் தொய்வும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்தால் போதும், மருந்துக் கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே என்ன கேட்கப்போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். பல வருசமாகக் கடை மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். அதோடு, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்கும் தொய்வு. அதனால் இந்தக் கேள்விகளில் பாதி நானே ஒருகாலத்தில் கேட்டவை. நான் டொக்டர் இல்லை. உங்கள் மருந்தின் அளவு உங்கள் கிளினிக் கொப்பியில் இருக்கிறது, அதுதான் முடிவு.

தொய்வு, முட்டு, இழுப்பு, வீசிங், ஆஸ்துமா எல்லாம் ஒன்றுதானா?

பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளைக்கு வீசிங் மட்டும்தான், ஆஸ்துமா இல்லை" என்று சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். பெயரை மாற்றினால் வருத்தம் சின்னதாகிவிடும் என்ற ஆசை அது. சின்னப் பிள்ளைகளுக்குத் தடிமனோடு இழுப்பு வந்து, வளர வளரத் தானாக நிற்பதும் உண்டு, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாரியும் வருகிறது, இரவில் இருமி எழும்புகிறது, ஓடினால் முட்டுகிறது என்றால் பெயர் என்னவாக இருந்தாலும் ஒழுங்கான மருந்து தேவை.

எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மற்றதைப் பிறகு வாசிக்கலாம், இதை முதலில் வாசியுங்கள்.

ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, ஆள் சோர்ந்து தூங்கி விழுகிறார், நீலப் பம்ப் (மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும் சல்பியூட்டமோல்) அடித்தும் சுகமில்லை அல்லது சுகம் சில மணித்தியாலம்கூட நிற்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். கைக்குழந்தை என்றால் பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு மூச்சு வாங்குவதும் அதே கணக்கு.

பலரை ஏமாற்றுவது சத்தம். "விசில் சத்தம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை" என்று நினைப்பார்கள். ஆள் இன்னும் மூச்சுக்குத் தவிக்கும்போது சத்தம் மட்டும் நின்றால், காற்றே போய் வரவில்லை என்று அர்த்தம். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டிய கட்டம்.

1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. அது வரும்வரை ஆளை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க வைக்க வேண்டாம். நீலப் பம்பை ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பிடிக்கும் குழாய்) வைத்து ஒருமுறை அழுத்தி, நான்கைந்து மூச்சு எடுக்கவிட்டு, பிறகு அடுத்தது. அப்படி 10 வரை கொடுக்கலாம். அந்த நேரத்தில் நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு "விடியட்டும் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. தொய்வு மோசமாவது அனேகமாக விடியப்புறம்தான்.

குளிர் காற்றுப் பட்டுத்தானே வருகிறது?

குளிருக்குப் பங்கு உண்டு, ஆனால் பழி முழுவதையும் அதன் தலையில் போடுவது அநியாயம். எங்கள் ஊரில் தை மாத விடியப்புறத்தில் வெப்பநிலை 22 பாகை அளவில் இருக்கும், சில நாள் 20க்கும் கீழே போகும். ரொரன்ரோவில் இருக்கும் மச்சானிடம் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார். அங்கே உறைகிற வறண்ட காற்று மூச்சுக்குழாயைக் காயவைத்துச் சுருங்கச் செய்கிறது. இங்கே கதை வேறு.

முதல் காரணம் தடிமன். மழை என்றால் எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரே அறையில். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து தடிமனைக் கொண்டுவந்தால் மூன்று நாளில் வீடு முழுக்கத் தும்மும். மற்றவர்களுக்கு மூக்கோடு போகிற வைரஸ், தொய்வுக்காரருக்கு நெஞ்சுக்கு இறங்கிவிடும். இன்புளுவென்சாவும் இந்த நாட்டில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை ஒருமுறை தலைதூக்கும். இரண்டாவது, ஈரம் பிடித்த வீடு. மூன்றாவது, புகை. இந்த மூன்றும் வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றன. நாங்கள் மட்டும் யன்னலுக்கு வெளியே நிற்கும் பனியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நீலப் பம்ப் அடித்தால் உடனே சுகம். மண்ணிறப் பம்ப் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஏன் அதை அடிக்க வேண்டும்?

கூரை வேய்கிறவனிடம் கேளுங்கள். ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்தால் நிலம் உடனே நனையாமல் நிற்கும், நல்ல சுகம்தான். ஆனால் ஓலை இற்றுப்போனது அப்படியே இருக்கிறது. அடுத்த மழைக்கு இன்னொரு வாளி வேண்டும்.

நீலம், அதாவது சல்பியூட்டமோல், வாளி. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிப் பிடித்திருப்பதைச் சில நிமிடத்தில் தளர்த்தும், நாலைந்து மணித்தியாலம் நிற்கும், அவ்வளவுதான். குழாயின் உள்பக்கம் வீங்கிச் சளி சுரந்து கிடப்பதை அது தொடாது. அந்த வீக்கத்தை ஆற்றுவது மண்ணிறம், அதாவது பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீரொயிட் பம்ப். அது நாள்கணக்கில், கிழமைக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும், அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்று விட்டவர்கள்தான் மார்கழியில் மறுபடி கடைக்கு வருகிறார்கள்.

உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டல்கள் 2019இலேயே, 12 வயதுக்கு மேற்பட்டவர்களை நீலப் பம்பை மட்டும் நம்பி வைத்திருக்கக் கூடாது என்று மாற்றப்பட்டுவிட்டன. எங்கள் பக்கத்தில் இன்னும் "முட்டு வந்தால் மட்டும் அடி" என்கிற பழக்கம்தான். கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் நீலம் தேவைப்படுகிறது, அல்லது 200 தரம் அடிக்கக்கூடிய நீலப் பம்ப் வருசத்துக்கு மூன்று முடிகிறது என்றால் கூரை இற்றுவிட்டது. டொக்டரைப் பாருங்கள்.

நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறலாம். மருந்தின் பெயரை வாசித்துப் பழகுங்கள்.

அப்படியென்றால் மாரிக்கு எப்போது ஆயத்தமாக வேண்டும்?

புரட்டாசியில். மழை கொட்டும்போது யாரும் கூரையில் ஏறி வேய்வதில்லை. மண்ணிறப் பம்பை இடையில் விட்டவர்கள் ஐப்பசி மழைக்குக் குறைந்தது நாலு கிழமை முன்பே கிளினிக்குக்குப் போய்க் கதைத்துத் திரும்பத் தொடங்குவது நல்லது. காய்ச்சல் தடுப்பூசி, அதாவது இன்புளுவென்சா ஊசி, போடுவதென்றாலும் அதே நேரம்தான். உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க இரண்டு கிழமை எடுக்கும்.

பம்ப் பழகினால் விட முடியாது, பிள்ளை வளராது என்கிறார்களே?

பழகிப்போகிற மருந்து இல்லை இது. வருத்தம் நீண்டது, அதனால் மருந்தும் நீண்டது. கண்ணாடி போடுகிறவரை "கண்ணாடிக்கு அடிமை" என்று யாரும் சொல்வதில்லையே.

வளர்த்தி பற்றிய பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்டீரொயிட் பம்ப் தொடர்ந்து எடுக்கும் சில பிள்ளைகளின் உயரம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் குறையலாம். அதுவும் பெரும்பாலும் முதல் வருசத்தில்தான், வருசாவருசம் கூடிக்கொண்டு போவதில்லை. மறுபக்கம், இரவிரவாக இருமி நித்திரை கெட்டு, மாதம் ஒருதரம் பிரெட்னிசொலோன் குளிசை விழுங்குகிற பிள்ளைக்கு வளர்த்தி அதைவிடப் பாதிக்கும். ஒரு 5 மில்லிகிராம் குளிசையில் 5000 மைக்ரோகிராம் இருக்கிறது. பம்பில் ஒருமுறை அடித்தால் வருவது 100, 200 மைக்ரோகிராம். "பம்ப் வேண்டாம், குளிசை தாருங்கள்" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் தாளில் எழுதிக் காட்டுவேன்.

அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும்.

கப்சூலை விழுங்கலாமா?

சிரிக்காதீர்கள், இது உண்மையாகக் கேட்கப்படுகிற கேள்வி. ஒரு அம்மம்மா வருவார். ஒவ்வொரு மாதமும் கிளினிக் மருந்து முடிகிறது, இழுப்பு மட்டும் குறையவில்லை என்று முறைப்பாடு. ஒருநாள் "எப்படிப் பாவிக்கிறியள் அம்மா?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக்குப் பிறகு சுடுதண்ணியோட" என்றார். பவுடர் கப்சூலை ஐந்து மாதமாக விழுங்கியிருக்கிறார். கருவி பெட்டியும் திறக்காமல் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அவரில் பிழை இல்லை. கொடுத்தவர்கள் யாரும் செய்து காட்டவில்லை.

அந்தக் கப்சூலைக் கருவிக்குள் போட்டு உடைத்து, பவுடரை வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். கருவிக்குள் மூச்சு விடக் கூடாது, பவுடர் நனைந்துவிடும். மாரியில் இன்னொரு கவனம்: கப்சூலை முன்கூட்டியே கருவியில் போட்டு வைக்காதீர்கள், குசினியிலும் வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும்.

அழுத்துகிற பம்ப் சரியாக அடிப்பது எப்படி?

பவுடருக்கு நேர் எதிர், இங்கே வேகம் கூடாது. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, இழுத்து முடித்ததும் 10 வரை மனதுக்குள் எண்ணிப் பிடித்திருக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கு, அதாவது எங்களில் பாதிப் பேருக்கு, ஸ்பேசர் வேண்டும்.

ஸ்பேசர் வாங்கக் காசில்லை என்றால் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதும். கழுவிக் காயவைத்து, அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குச் சூடாக்கிய கம்பியால் துளை போட்டு, போத்தலின் வாயால் மூச்சை இழுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தென்னாபிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்து, 1999இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் போத்தல் கடை ஸ்பேசருக்குக் கிட்டத்தட்டச் சமமாக வேலை செய்தது.

வீட்டுக்கு நெபுலைசர் மெசின் வாங்கட்டுமா? கனடாவிலிருந்து அனுப்புகிறோம் என்கிறார்கள்.

அனுப்பினால் நன்றி சொல்லுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சாதாரண இழுப்புக்கு ஸ்பேசரோடு பம்ப் அடிப்பதும் மெசினில் ஆவி பிடிப்பதும் பலனில் ஒன்றுதான். புயல் நாளில் கரண்ட் நிற்கும், போத்தல் நிற்காது. என் பயம் வேறு: மெசின் இருக்கும் வீட்டுக்காரர் "இன்னொருமுறை பிடித்துப் பார்ப்போம்" என்று மூன்று நான்குமுறை பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போகிறார்கள்.

சுவரெல்லாம் பூஞ்சணம். என்ன செய்வது?

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓடு விலகியதா, பீலி அடைத்ததா, சுவரோடு ஒட்டி மண் குவிந்திருக்கிறதா? அதைத் திருத்தாமல் வெள்ளை அடித்தால் அடுத்த கார்த்திகைக்கு அதே இடத்தில் அதே கறுப்பு வரும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நனைந்த உடுப்பைப் படுக்கையறைக் கொடியில் காயப் போடுவதை நிறுத்துங்கள். மழை விட்ட நேரமெல்லாம் யன்னலைத் திறவுங்கள்.

துடைக்கும்போது காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டக் கூடாது, எல்லாம் காற்றில் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். குளோரின் பாவிப்பதானால் வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் கலக்காதீர்கள். அந்த வேலையைத் தொய்வுக்காரர் செய்யவே கூடாது. வீட்டில் சும்மா இருக்கும் வேறொருவருக்குக் கொடுங்கள்.

பெட்சீட் மாற்றினால் போதுமா?

ஒரு காட்சி சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். மார்கழியில் முதல் குளிர் இரவு. அம்மா அலுமாரியின் அடித்தட்டில் போன பெப்ரவரியிலிருந்து மடித்துக் கிடந்த கம்பளியை எடுத்து, ஒரு உதறு உதறி, பிள்ளையின் கழுத்துவரை போர்த்துவிடுகிறார். இரவு 2 மணிக்குப் பிள்ளை இருமி எழும்புகிறது. "பாத்தியா, குளிர் பட்டிட்டுது" என்று இன்னொரு கம்பளி எடுக்கிறார்.

அந்தக் கம்பளியில் இருப்பது தூசிப் பூச்சி, கண்ணுக்குத் தெரியாத சிலந்தி இனம். எங்கள் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும். ஈரக்காற்று அதற்குக் கொண்டாட்டம். அதன் எச்சம்தான் பலருக்கு ஒவ்வாமை. 60 பாகை சுடுதண்ணீரில் தோய்த்தால் பூச்சி சாகும். கிழமைக்கு ஒருதரம் பெட்சீட், தலையணை உறை. கம்பளியை மழை தொடங்க முன்பே தோய்த்து வெயிலில் காயவிட்டு, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வையுங்கள். மழைக்கு இடையில் ஒருநாள் நல்ல வெயில் எறித்தால் மெத்தையை முற்றத்துக்குத் தூக்குங்கள். பழைய பஞ்சுத் தலையணை என்றால், அதை இனி வைத்திருக்க வேண்டாம்.

டெங்கு நேரத்தில் நுளம்புத்திரி கொளுத்தாமல் எப்படி?

நியாயமான கேள்வி. எங்களுக்கு டெங்கு கூடுவதும் தொய்வு கூடுவதும் இதே மார்கழி, தையில்தான். ஆனால் பூட்டிய அறையில் ஒரு நுளம்புத்திரி எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிள்ளைக்குப் பக்கத்தில் சிகரெட் பிடிக்க விடமாட்டீர்கள், திரியைக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறீர்கள். வலை போடுங்கள், யன்னலுக்கு வலையடியுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதனால் பகலில் நீளக் கை உடுப்பும் தேங்கிய தண்ணீரை ஊற்றுவதும்தான் பெரிய வேலை. வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் புகைதான். இலை நல்லது என்பதால் அதன் புகை நல்லதாகிவிடாது.

குசினிக்கும் இதே கதை. மாரியில் விறகு ஈரம், பொச்சுமட்டை ஈரம், ஊதி ஊதிக் கண் எரியும். ஒரு மாதத்துக்கான விறகையாவது மழைக்கு முன்பு தாழ்வாரத்தில் அடுக்குங்கள். தொய்வுக்காரர் சமைப்பதானால் காஸ் அடுப்பு செலவில்லை, மருந்து.

பனி விழுகிற நேரம் திருவெம்பாவைக்குப் போகலாமா?

போகலாம். வாயை மூடி மூக்கால் மூச்செடுங்கள், ஒரு சால்வையால் மூக்கையும் வாயையும் சுற்றிக்கொள்ளுங்கள். மூக்கு காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே விடும். தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டு மூக்கைத் திறந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். பனி உச்சந்தலை வழியாக இறங்குவதில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது பனியோடு சேர்ந்து நிற்கும் புகார், அதாவது புகைமூட்டம். வாடைக்காற்றுக் காலத்தில் இந்தியப் பக்கத்துப் புகையும் தூசியும் கடல் தாண்டி வரும். நாட்டுக்குள் வரும்போது அது முதலில் தொடுவது எங்களைத்தான். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் நேரம் வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது நினைவிருக்கும், 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். அப்படியான நாளில் முகக்கவசம் போடுங்கள், வெளியே ஓடி ஆடுவதைத் தள்ளிவையுங்கள். கார்த்திகை விளக்கீட்டில் சொக்கப்பனை எரியும்போது புகை வராதபடி, காற்று வருகிற பக்கம் நிற்பது என் பழக்கம்.

தலைக்குத் தோய்ந்தால் வருமா?

வராது. ஈரத்தலையோடு காற்றில் நின்று நடுங்கினால் சிலருக்கு முட்டலாம், துவட்டினால் சரி. விடியக் கிணற்றுத் தண்ணீர் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வாழைப்பழம், தயிர், தோடம்பழம், இளநீர்: குளிர்ச்சாமான் எல்லாம் நிறுத்தவா?

வேண்டாம். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் ஒவ்வொருமுறையும் உங்களுக்கு முட்டுகிறது என்றால் அதை மட்டும் விடுங்கள். முட்டை, பால், மீன், பழம் எல்லாவற்றையும் "சளி" என்று வெட்டி, மெலிந்த பிள்ளைக்கு அவித்த இடியப்பம் மட்டும் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

"கிரந்தி" என்று பெரியவர்கள் சொல்லும் பட்டியலில் உண்மையாக ஒவ்வாமை தருகிறவையும் ஒளிந்திருக்கின்றன: இறால், நண்டு, கணவாய். ஒடியல் கூழ் குடித்து அரைமணித்தியாலத்துக்குள் தோல் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் அது குளிருமில்லை சூடுமில்லை, உயிராபத்தான ஒவ்வாமை. உடனே 1990.

தூதுவளை, ஆடாதோடை, மல்லித்தண்ணி, வேது பிடித்தல்?

தொண்டைக்கு இதம், மூக்கடைப்புக்குச் சுகம். அதற்காகக் குடியுங்கள், நானும் மிளகு ரசம் குடிக்கிறவன்தான். சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்க அவை போதாது, பம்புக்குப் பதிலாக வைக்காதீர்கள். வேது பிடிக்கும் கொதிதண்ணீர்ச் சட்டியைப் பிள்ளைகளிடமிருந்து தூரத்தில் வையுங்கள். வெந்து வருகிற பிள்ளைகளைப் பார்க்கச் சகிக்காது.

விடிய எழும்பினால் இருபது தும்மல், மூக்கால் தண்ணீர். இது தடிமனா, பீனிசமா?

காய்ச்சலில்லை, கண் கடிக்கிறது, மூக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, கிழமைக்கணக்காக நீள்கிறது என்றால் பீனிசம், அதாவது ஒவ்வாமை மூக்குதான். மூக்கும் நெஞ்சும் ஒரே குழாயின் இரண்டு முனை. பீனிசத்தைக் கவனிக்காமல் விட்டால் தொய்வு அடங்காது. செற்றிரிசின், லோரட்டடின் போன்றவை நித்திரையைக் குறைவாகத் தூண்டும். பழைய பிரிட்டோன் குளிசை போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் எடுக்காதீர்கள். நாள்பட்ட மூக்கடைப்புக்கு ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரே நல்லது. உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து பாவித்தால், மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். இந்தக் குளிசைகள் தொய்வுக்கு மருந்தல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தையில் கூடினால் வயல் பக்கமும் பாருங்கள். காலபோக நெல் வெட்டும்போது பறக்கும் சுணையும் வைக்கல் தூசியும் ஒரு காரணம். மற்றது பார்த்தீனியம். கரட் இலை மாதிரி இலை, சின்ன வெள்ளைப் பூ, மழைக்குப் பிறகு வெறுங்காணி எங்கும் நிற்கும். இந்திய அமைதிப்படை வந்த 1987ஐ ஒட்டி வந்தது என்பார்கள். தொட்டால் தோலும், பூந்தூள் பட்டால் மூக்கும் நெஞ்சும் பாதிக்கும். பூக்கமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வாமைக்காரர் பிடுங்கக் கூடாது.

காய்ச்சலுக்கு எந்தக் குளிசை?

பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபெனாக் ஆகியவை சில தொய்வுக்காரருக்கு இழுப்பைக் கொண்டுவரும். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவையும் கூட்டும். இரண்டு காரணத்துக்கும் ஒரே பதில். பிரசர், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புரொப்ரனலோல், குளுக்கோமாவுக்கு விடும் டிமொலோல் கண் சொட்டு இவையும் இழுப்பைக் கூட்டும். எந்த டொக்டரிடம் போனாலும் "எனக்குத் தொய்வு" என்று முதலில் சொல்லுங்கள். சளி இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், எல்லா இருமலும் தொய்வில்லை.

கந்தசஷ்டி விரதத்தில் பம்ப் அடிக்கலாமா?

பம்ப் போவது நெஞ்சுக்கு, வயிற்றுக்கு இல்லை. என் அம்மா ஆறு நாளும் இளநீர் மட்டும் குடித்து விரதமிருந்தவர், பம்பை ஒருநாளும் விடவில்லை. முருகன் கோபித்ததாகத் தெரியவில்லை.

தையில் இல்ல விளையாட்டுப் போட்டி. பிள்ளையை ஓட விடலாமா?

விடுங்கள். டொக்டர் சொன்னபடி ஓட 10, 15 நிமிடம் முன்பு நீலப் பம்ப், பிறகு மெதுவாக உடம்பைச் சூடாக்கல். பம்ப் பிள்ளையின் பையில் இருக்க வேண்டும், அதிபரின் அலுமாரியில் இல்லை. ஓடினால் எப்போதும் முட்டுகிறது என்றால் குற்றம் ஓட்டத்தில் இல்லை, அன்றாட மருந்து போதவில்லை.

கர்ப்பமாக இருக்கிறேன், நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். உங்களுக்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். கிளினிக்கில் சொல்லித் தொடருங்கள்.

நாங்கள் நெடுந்தீவு. கடல் கொந்தளித்தால் படகில்லை.

அப்படியானால் கையில் எப்போதும் ஒரு பம்ப் மேலதிகமாக இருக்க வேண்டும். குறிகாட்டுவானுக்கு வரும் நாளில் இரண்டு மாத மருந்து கேட்டுப் பாருங்கள், கடல் நிலையைச் சொன்னால் கிளினிக்கில் விளங்கிக்கொள்வார்கள். "இப்படி இழுத்தால் இத்தனை தரம் அடி, இந்தக் கட்டத்தில் குளிசை தொடங்கு" என்று டொக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். முட்டு ஏறத் தொடங்கியதும் தீவு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், இருட்டும்வரை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

பங்குனி வெயில் வந்தால் மண்ணிறப் பம்பை விடலாமா?

நீங்களாக விடக் கூடாது. மூன்று மாதம் அடங்கி இருந்தால் டொக்டர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

பம்ப் முடிந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது சரியா?

சரியில்லை. மருந்து முடிந்த பிறகும் உள்ளே வாயு இருக்கும், அழுத்தினால் சத்தமும் வரும், வெறும் காற்றை மருந்தென்று இழுத்துக்கொண்டிருப்பீர்கள். எண்ணிக்கை காட்டும் பம்ப் என்றால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால், 200 தரம் அடிக்கும் மண்ணிறப் பம்பை விடிய இரண்டு, இரவு இரண்டு என்று எடுத்தால் 50 நாள். தொடங்கிய அன்றைக்கே பெட்டியில் பேனையால் முடியும் திகதியை எழுதிவிடுங்கள்.